பஞ்சாங்கத்தில் இல்லாத விரதங்கள்

செவ்வாய், மே 6

மழை. வெயில். திரும்பவும் மழை. குடையை விரித்து மடக்குவதே கைக்குப் போதுமான பயிற்சி.

கேட்டியின் கட்டளை: தினமும் ஒரு பக்கம் எழுத வேண்டும். பெரிய எழுத்தில். எந்த மொழியானாலும் சரி, எதைப் பற்றியானாலும் சரி. அவள் வாசிக்கப் போவதில்லை. முதல் வரி எழுத்தின் உயரம், கடைசி வரி எழுத்தின் உயரம், இரண்டையும் அளப்பாள். பாக்கின்சன் வந்தவர்களின் எழுத்து போகப் போகச் சிறுத்துவிடுமாம். என்னுடையது பக்க முடிவில் எறும்பு ஊர்ந்த மாதிரி.

ஆகவே தமிழ். கேட்டிக்குத் தெரியாது. மகள் தர்ஷிக்கு வாசிக்க வராது. பு.வுக்கு வரும், ஆனால் மூக்குக்கண்ணாடியைத் தேடும் பொறுமை கிடையாது.

விளக்கம். பு. = புவனம், மனைவி, முப்பத்தாறு வருடம். வெ. = வெங்கடேசன், கோயம்புத்தூர்க்காரர், மகனோடு பிளாட் புஷ்ஷில் இருக்கிறார். அதே வியாதி, அதே வலது கை, அதே வகுப்பு. கேட்டி = எங்கள் பிசியோ. என்னை நேதன் என்று கூப்பிடுகிறாள். சிவநாதனில் சிவனைக் கழற்றிவிட்டாள். யாருக்கு இந்த விளக்கம் எல்லாம்? பக்கம் நிரம்ப வேண்டுமே.

வகுப்பு த்ரீ கிங்ஸில், செவ்வாயும் வியாழனும், எட்டு வாரம். இது ஐந்தாவது. இன்று ஒன்பது துளைப் பலகை. ஒன்பது குச்சிகளை ஒவ்வொன்றாகத் துளையில் குத்த வேண்டும், பிறகு ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும், கேட்டி கடிகாரத்தோடு நிற்பாள். முதல் வாரம் வலது கை 38 விநாடி. இன்று 27. கேட்டி கை தட்டினாள். வெ. 29. அவர் முகம் தொங்கிப் போனது. எனக்கு உள்ளுக்குள் நல்ல குளிர்ச்சி.

இரகசியம்: வீட்டில் ஒரு பலகை செய்து வைத்திருக்கிறேன். இருபது வருடம் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் மூடிகளின் விட்டத்தை அளந்து பார்த்துக் கழித்தவன் நான். நான் அளந்தேன், பு. துளைத்தாள். ஒரு நாளைக்கு அறுபது தரம் பயிற்சி. 25க்கு இறக்கிவிடலாம்.

(முதல் வரி 9 மி.மீ. இந்த வரி 4.)

வியாழன், மே 8

காற்று. குப்பைத் தொட்டி பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது.

இன்று சட்டைப் பித்தான் சோதனை. ஐந்து பித்தான். முதல் வாரம் மூன்று நிமிடம் பத்து விநாடி. இன்று மூன்று நிமிடம் ஐந்து. கேட்டி தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பத் தாளைப் பார்த்தாள். வெ.வுக்கும் அதே கதை. குச்சியில் புலி, பித்தானில் பூனை.

"வீட்டில் குச்சிப் பலகை வைத்துப் பழகுகிறீர்களா?" என்று கேட்டாள்.

நான் கூரையைப் பார்த்தேன். வெ. தன் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்தார். பிறகு அவர்தான் முதலில் உடைந்தார். மகன் ஆன்லைனில் பலகை வாங்கிக் கொடுத்திருக்கிறாராம், காலையும் மாலையும் பயிற்சியாம், மனைவி நேரம் பார்ப்பாவாம்.

"நீங்க எப்படி சார்? சும்மாவே 27 வந்துச்சுங்களா?" என்று என்னைத் திரும்பிக் கேட்டார்.

"நானும்தான்," என்றேன்.

கேட்டி சிரித்துச் சிரித்துக் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆறு வருட வேலையில் சோதனைக்கு டியூஷன் எடுத்த நோயாளியை இப்போதுதான் பார்க்கிறாளாம். கேள்வித்தாளையே பாடமாக்கிவிட்டீர்கள், இனி இந்தப் பலகை உங்கள் கையைப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்லாது என்றாள். 27ஐ அடித்துவிட்டாள். ஒரே கோடு. அந்த 27க்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பரீட்சைக்குப் பாடமாக்குவது ஒரு குற்றமா? எங்கள் பக்கம் அதற்குப் படிப்பு என்றுதான் பெயர்.

பிறகு ஒரு கேள்வி கேட்டாள். உண்மையில் இந்தக் கை உங்களுக்கு எதற்கு வேண்டும்? முதல் நாள் படிவத்தில் 'கையெழுத்துப் போட' என்று எழுதியிருந்தேன். அது பொய். வருகிற செவ்வாய்க்குள் யோசித்து வரட்டாம்.

வெள்ளி, மே 9

குளிர். ஹீட்டர் போடுவதா வேண்டாமா என்று பு.வோடு அரை மணி நேர வாக்குவாதம். போடவில்லை. வாக்குவாதத்திலேயே சூடாகிவிட்டது.

குலேந்திரன் தொலைபேசி எடுத்தான். தொழிற்சாலையில் என்னோடு பதினொரு வருடம் வேலை செய்தவன், என்னைவிடப் பத்து வயது இளையவன். பிளாட் புஷ்ஷில் புது வீடு கட்டிவிட்டான். 25ஆம் திகதி ஞாயிறு குடிபூரல். மத்தியானம் வாழையிலைச் சாப்பாடு.

"அண்ணை, உங்கட விரதம் பாத்துத்தான் நாள் வைச்சனான்," என்றான். "ஐயர் ரெண்டு நாள் தந்தவர். ஒண்டு சதுர்த்தி. அண்ணை சாப்பிடமாட்டார் எண்டு அதை விட்டிட்டன்."

"ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு ஒரு விரதம்..."

"அது ஆவணி ஞாயிறு எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். இது வைகாசி."

25ஆம் திகதிக்கு என்னிடம் ஒரு விரதமும் இல்லை.

இதை எங்கேயும் எழுதியதில்லை. எழுதிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பிறந்தநாள் வீடு. கோப்பையிலிருந்து என் வாய்க்குப் புறப்பட்ட சோறு, பாதி வழியில், பக்கத்தில் இருந்த ஒரு அம்மாவின் பட்டுச் சேலையில் இறங்கிவிட்டது. கத்தரிக்காய்க் குழம்போடு. அவ சேலையைத் துடைத்தா. பிறகு என் கையைப் பார்த்தா. அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. அடுத்த விருந்தில் சோற்றுக் கோப்பையை நீட்டியபோது "நான் இண்டைக்கு விரதம்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. நல்லகாலம், அன்று வெள்ளிக்கிழமை.

அதற்குப் பிறகு: வெள்ளி. சதுர்த்தி. பிரதோஷம். கார்த்திகை. ஏகாதசி. புரட்டாசிச் சனி. ஆவணி ஞாயிறு. புதன்கிழமைக்கு ஒன்று கண்டுபிடித்தேன், பெயர் மறந்துவிட்டது. பு. சொன்னாள்: "நீங்கள் பிடிக்கிற விரதம் பாதி பஞ்சாங்கத்திலயே இல்லை."

விளைவு: நான் பெரிய பக்திமான். கோயிலில் எழும்பி இடம் விடுகிறார்கள். ஐயரே இரண்டு தரம் என்னிடம் திதி கேட்டிருக்கிறார்.

உண்மை: ஒவ்வொரு விருந்துக்குப் பிறகும் பு. காரைப் பெட்ரோல் நிலையத்தில் நிறுத்துவாள். நான் காருக்குள் இருந்து இறைச்சி வைத்த மின்ஸ் பை சாப்பிடுவேன். இரண்டு கையாலும் பிடிக்கலாம், சிந்தாது. போன வெள்ளியும் அப்படித்தான். பு. கண்ணாடியில் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு, மே 11

ஏவன்டேல் சந்தை. சேறு. பாகற்காய் நல்ல மலிவு.

முள்ளங்கிக் கடைக்கு முன்னால் வைத்து பு. சொன்னாள்: "இருபத்தஞ்சாந்திகதி நான் சாப்பிடப் போறன்."

"சாப்பிடும். ஆர் வேண்டாமெண்டது?"

"எப்பிடிச் சாப்பிடுறது? அவர் பட்டினி கிடக்கிறார், இவ வெட்டுறா எண்டு எல்லாரும் பாக்கினம். ரெண்டு வருசமா நான் ஒரு வீட்டில வயிறாறச் சாப்பிடேல்லை. உங்களுக்கெண்டாலும் பெட்ரோல் செட்டில பை இருக்கு. நான் மரக்கறி. எனக்கு என்ன இருக்கு?"

இதை நான் ஒருநாளும் யோசித்ததில்லை. வெட்கமாக இருந்தது.

"ஒரு கரண்டி கொண்டு போங்கோவன்," என்றாள்.

"வாழையிலையில கரண்டியோ?"

"அப்ப சொல்லுங்கோ. வருத்தமெண்டு சொல்ல என்ன வெக்கம்? களவே எடுத்தனீங்கள்?"

எனக்கு நடுக்கத்தில் பயம் இல்லை, விழுவதில்கூடப் பயம் இல்லை. 'பாவம், சிவநாதண்ணை' என்று சொல்வார்கள். அந்த ஒரு சொல்லுக்குத்தான் பயம். பு. கோபத்தில் இரண்டு கிலோ பாகற்காய் வாங்கிவிட்டாள். இந்த வாரம் முழுக்க அதுதான்.

செவ்வாய், மே 13

கேட்டியிடம் சொன்னேன். மற்றவர்களோடு பந்தியில் இருந்து, கையால், சோறு சாப்பிட வேண்டும். இதுதான் எனக்கு வேண்டியது. 25ஆம் திகதி.

சொல்லும்போது கண்ணைத் துடைக்க வேண்டி வந்தது. சோற்றுக்குப் போய் அழுகிறானே என்று அவள் நினைத்திருப்பாள். நினைக்கவில்லை போலத்தான் இருந்தது. பேனையை எடுத்து எழுதினாள்.

பிறகு நியாயமாக ஒரு கேள்வி: "உங்கள் இடது கை மிக நன்றாக இருக்கிறதே. அதனால் சாப்பிட்டால் என்ன?"

நான் வெ.யைப் பார்த்தேன். வெ. என்னைப் பார்த்தார். யாழ்ப்பாணமும் கோயம்புத்தூரும் இவ்வளவு ஒற்றுமையாக மௌனம் காத்ததை நான் பார்த்ததில்லை. கடைசியில் வெ. ஆங்கிலத்தில் மரியாதையாகச் சொன்னார்: அந்தக் கைக்கு வேறு டிபார்ட்மெண்ட். கேட்டிக்கு விளங்க ஐந்து விநாடி எடுத்தது. காது வரை சிவந்து, "ஓகே, வலது கை" என்றாள்.

சோறு சாப்பிடுவதை அளக்க அவளிடம் சோதனை எதுவும் இல்லை. நாமே செய்வோம் என்றாள். முடிவு: ஆளுக்கு இருநூறு கிராம் சோறு. மருந்துக் குளிசை போட்டுச் சரியாக ஒரு மணி நேரத்துக்குப் பிறகு. நேரமும் பார்ப்பது, சிந்தியதை எடுத்துச் சமையல் தராசில் நிறுப்பது. வெ.யும் சேர்கிறார். மகன் வீட்டில் அவர் தனியாக, எல்லோருக்கும் முன்னாலேயே சாப்பிட்டுவிடுவாராம். இன்றுதான் சொன்னார்.

வியாழன், மே 15

நல்ல வெயில், ஆனால் ஏமாற்று வெயில். சுவெட்டர் இல்லாமல் போய் விறைத்தேன்.

முதல் சோற்றுச் சோதனை. வகுப்பில் மற்றவர்கள் பந்து உருட்டிக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் மூலை மேசையில் இலை போட்டு.

நான்: 11 நிமிடம், சிந்தியது 31 கிராம்.
வெ.: 7 நிமிடம், 4 கிராம்.

ஆட்சேபித்தேன். அவர் கொண்டுவந்தது தயிர்சாதம். குழைத்துப் பிசைந்து சீமெந்து மாதிரி. தலைகீழாகப் பிடித்தாலும் விழாது. நான் கொண்டுபோனது சிவப்பரிசிச் சோறும் பருப்பும், ஒவ்வொரு பருக்கையும் தனிக்குடித்தனம். இது எப்படி ஒரே சோதனை ஆகும்?

"சார், தயிர்சாதம் எங்க வீட்டுல தினசரி சாப்பாடுங்க. ஏமாத்து வேலை இல்லீங்க."

"அப்ப எங்கட வீட்டுச் சோத்தில நீங்கள் ஒரு நாள் சாப்பிட்டுப் பாருங்கோ."

கேட்டி இடையில் புகுந்தாள். அளவை என்றால் எல்லோருக்கும் ஒரே பொருள் வேண்டும் என்றாள். இருபது நிமிட மாநாடு. பொன்னி வேண்டாம், சிவப்பரிசி வேண்டாம். இருவருக்கும் பாஸ்மதி, மேலே பருப்பு. பாஸ்மதி இருவருக்கும் சம எதிரி.

கேட்டி என் கையை வீடியோ எடுத்திருந்தாள். காட்டினாள். முதல் கவளத்துக்கு விரல்கள் நன்றாக விரிகின்றன. ஐந்தாவதுக்குப் பாதி. பத்தாவதுக்கு மூன்று விரல் நுனியால் கிள்ளுகிறேன், எழுத்து சிறுத்துப் போவது மாதிரியே கவளமும் சிறுத்துப் போகிறது. நான் பெரிதாகத்தான் எடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கை என்னிடம் பொய் சொல்லியிருக்கிறது.

வைத்தியம்: ஒவ்வொரு கவளத்துக்கும் நிறுத்து. விரல்களை அகலமாக விரி. பெரிதாக அள்ளு. குனி. ஒரே வீச்சில் வாய்க்கு. ஒவ்வொரு கவளமும் முதல் கவளம் என்று நினைக்க வேண்டுமாம்.

ஞாயிறு, மே 18

நாள் முழுக்க மழை. வெளியே போகவில்லை. சாப்பிட்டேன்.

ஒரு நாளைக்கு மூன்று பயிற்சி, மூன்றும் இருநூறு கிராம். பு. தராசோடு எதிரில். காலை 22 கிராம். மத்தியானம் 17. பின்னேரம் 12. கீழே விழுந்ததை ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கி நிறுக்கிறாள். திருமணமான புதிதில்கூட நான் சாப்பிடுவதை இவள் இப்படிப் பார்த்ததில்லை.

"பெரிசா அள்ளச் சொன்னவள் எண்டதுக்காக இப்பிடியோ? கோயில் ஆனைக்குக் கவளம் குடுக்கிற மாதிரிக் கிடக்கு."

"கேட்டி சொன்னதைச் செய்யிறன்."

"விரல் நுனியில சாப்பிடுற மனுசன் எண்டு அம்மா என்னைக் கட்டிக் குடுத்தவ. இப்ப பாக்கோணும்."

இரண்டு கிலோ ஏறியிருக்கிறேன். நாடறிந்த விரதகாரன்.

தர்ஷி வந்தாள், தராசையும் பருக்கைகளையும் பார்த்தாள், ஆங்கிலத்தில் "நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை" என்றாள், போய்விட்டாள்.

செவ்வாய், மே 20

பாஸ்மதிப் போட்டி. நான் 9 கிராம். வெ. 10 கிராம்.

ஒரு கிராம். வென்றது வென்றதுதான். தராசில் ஏற்கெனவே அப்பளத் துகள் இருந்தது என்று வெ. முறையிட்டார். கேட்டி தள்ளுபடி செய்தாள். அந்தத் தள்ளுபடியைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம்.

மகிழ்ச்சி பத்து நிமிடம். பிறகு கேட்டி சொன்னாள்: "இப்போது பேசிக்கொண்டே சாப்பிடுங்கள்."

வெ. மகன் வீட்டு வேலிச் சண்டையைத் தொடங்கினார். பக்கத்து வீட்டுக்காரன் வேலியை ஒரு அடி உள்ளே போட்டுவிட்டானாம். நான் "எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். அவ்வளவுதான். வாய் கேட்டது, கை பாதி வழியில் நின்றுவிட்டது, நின்ற இடத்தில் நடுங்கியது, சோறு கொட்டியது. 26 கிராம். பிறகு அவர் சாப்பிட நான் கேள்வி கேட்டேன். கொஞ்சம் வேண்டுமென்றே கஷ்டமான கேள்விகள். அவருக்கு 28.

இந்த வியாதியில் இரண்டு வேலை ஒன்றாகச் செய்தால் கை பின்னுக்குப் போய்விடும் என்றாள் கேட்டி. "உங்கள் விருந்தில் ஆட்கள் பேசாமல் சாப்பிடுவார்களா?"

வெ.யும் நானும் சிரித்த சிரிப்பில் பந்து உருட்டியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

உத்தி: யாராவது பேசினால் கையை இலையில் இறக்கு. பதில் சொல்லு. பிறகு அள்ளு. வெ.யின் உத்தி இன்னும் சுருக்கம்: "வாயைத் தொறக்காதீங்க சார். 'ம்' கூட வேண்டாமுங்க."

சனி, மே 24

மேகமூட்டம். காலையிலிருந்து நாளைய பந்திதான் நினைப்பு. பயம்தான்.

குலேந்திரன் எடுத்தான். "அண்ணை, நாளைக்கு நீங்கள்தான் தேவாரம் பாடி, முதல் பந்தியில முதல் இலையில இருந்து தொடக்கி வைக்கோணும். உங்களை மாதிரி ஒரு ஆள் என்ர வீட்டில கை நனைச்சால் அதுவே காணும்."

கை நனைத்தால். நனையும், அதில் சந்தேகமில்லை. கையோடு வேட்டியும் நனையும்.

பு.விடம் காய்ச்சல் மாதிரி இருக்கிறது என்றேன். நெற்றியைத் தொட்டாள். "ஒண்டுமில்லை," என்று வேட்டியை இஸ்திரி போடப் போனாள். வராவிட்டால் நான் தனியாகப் போவேன் என்று அங்கிருந்து சொன்னாள். போவாள்.

வெ. தொலைபேசியில்: "சார், கொட்டுனா கொட்டட்டுமுங்க. நாளைக்கு அங்க யாரும் தராசு வெச்சுக்கிட்டு நிக்க மாட்டாங்க." நல்ல மனிதர். ஒரு கிராமை அவருக்கு விட்டுக்கொடுத்திருக்கலாம்.

ஞாயிறு, மே 25

கை வலிக்கிறது, இருந்தாலும் இன்றே எழுத வேண்டும்.

பால் காய்ச்சல், பூசை எல்லாம் முடிந்து பன்னிரண்டரைக்குப் பந்தி. இரண்டு கார் நிற்கும் கராஜில் நீள மேசைகள். குளிசை பதினொன்றரைக்கே போட்டுவிட்டேன். தேவாரம் பாடினேன், அதில் பழுதில்லை. குலேந்திரன் என்னைக் கையில் பிடித்துக்கொண்டு போய் முதல் இலையில் இருத்தினான். எதிர் வரிசையில் பெண்கள், நடுவில் பு. எல்லா இலையிலும் சோறு விழுந்தது. பருப்பு, கத்தரிக்காய், பூசணிக்காய், அப்பளம். ஒருவரும் கை வைக்கவில்லை. ஏறக்குறைய நாற்பது பேர் நான் தொடங்குவதற்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நிறுத்து. விரி. அள்ளு. குனி. முதல் கவளம் சுத்தமாக உள்ளே போனது. எல்லோரும் தொடங்கினார்கள். இரண்டாவது, மூன்றாவது, சரி. எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

நாலாவது கை தூக்கும்போது குலேந்திரன் சாம்பார் வாளியோடு வந்து நின்று, "அண்ணை, எப்பிடி? உப்புக் காணுமே?" என்று கேட்டான்.

கையை இறக்கியிருக்க வேண்டும். உப்பைப் பற்றி யோசித்தேன். கை நின்றது. நடுங்கத் தொடங்கியது. சோறு வேட்டியில், மேசையில், பக்கத்து இலையில். கிளம்பிய நடுக்கம் நிற்கவில்லை, இலையே சேர்ந்து ஆடி அப்பளம் நழுவிக் கீழே விழுந்தது. பக்கத்தில் இருந்தவர் தன் இலையை மெல்ல இழுத்துக்கொண்டார். யாரோ ஒருவர் "பாவம்" என்று தொடங்கினார்.

அதுதான் என்னைக் கிளப்பிவிட்டது. கோபம்தான், துணிவு என்று சொல்ல மாட்டேன்.

"எனக்குப் பாக்கின்சன் வருத்தம். கை நடுங்கும், சோறு கொட்டும். அதை மறைக்கத்தான் ரெண்டு வருசமா விரதமெண்டு சொன்னனான். விரதமெல்லாம் பொய்."

குலேந்திரன் வாளியைக் கீழே வைத்தான். "எல்லாம் பொய்யோ?"

"எல்லாம்."

"வெள்ளிக்கிழமையும்?"

"வெள்ளியும்தான்."

"சதுர்த்தி?"

"அதுவும்."

அவன் முகம் போன போக்கை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. "அண்ணை," என்றான், "நான் உங்களைப் பாத்துத்தான் விரதம் பிடிக்கத் தொடங்கினனான். ஒண்டரை வருசம். வேலையில பச்சைத்தண்ணியோட நிண்டனான். சிவநாதண்ணை இந்த வயசில இருக்கிறார், உனக்கென்ன எண்டு மனிசியும் விடேல்லை. ஒன்பது கிலோ குறைஞ்சிட்டன்."

"உனக்கு ஆர் பிடிக்கச் சொன்னது?"

"நீங்கள் சாப்பிடாமல் எழும்பி எழும்பிப் போக, எனக்கெண்டு ஒரு மனச்சாட்சி இருக்குத்தானே."

"நான் போனது பை சாப்பிட."

"என்ன பை?"

"இறைச்சிப் பை. பெட்ரோல் செட்டில."

இதைக் கேட்டதும் முதலில் சிரித்தது அவன் மனைவி. பிறகு யார் யார் என்று தெரியவில்லை. ஐயரும் திரும்பி நின்று சிரித்தார், தோள் குலுங்கியது தெரிந்தது. குலேந்திரன் மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்காரன் கடைசிப் பந்தியில் இருப்பதுதான் முறை. அவன் ஒரு இலையை எடுத்துவந்து என் பக்கத்தில் போட்டான். "தள்ளியிருங்கோ, எனக்கும் பசிக்குது," என்று உட்கார்ந்து, குழம்பு வரும்வரைகூடக் காத்திருக்காமல் வெறும் பருப்போடு அள்ளி அடித்தான்.

இரண்டு பேரும் பேசாமல் சாப்பிட்டோம். பேசாததால் எனக்குக் கொட்டியது குறைவு. கொட்டியபோதும் அவன் பார்க்கவில்லை, அவன் இலை அவனுக்கு. பாயசம் வந்தபோதுதான் வாயைத் திறந்தான்: "வாற வெள்ளிக்கிழமை பின்னேரம் இஞ்ச வாறியள். நானே சமைக்கிறன். ஆட்டுக்கறி."

"வெள்ளிக்கிழமையோ?"

"வெள்ளிக்கிழமைதான்."

வீட்டுக்கு வரும்போது பு. ஒரு சொல்லும் பேசவில்லை. அவளுக்குக் கோபமா, அவமானமா, தெரியவில்லை. கேட்கவும் பயம். இப்போது தூங்குகிறாள்.

(கடைசி வரி 6 மி.மீ.)

செவ்வாய், மே 27

வெயில். உண்மையான வெயில்.

கடைசி வாரம், கடைசி அளவைகள். குச்சி 31 (பலகையைத் தொடாமல் விட்டதன் பலன்). பித்தான் இரண்டு நிமிடம் பதினெட்டு. கேட்டிக்கு இந்தப் பித்தான்தான் பெருமை. எழுத்து, முதல் வரி 9, கடைசி வரி 6. சோறு, பேச்சோடு, 15 கிராம். வெ. பேச்சோடு 13. அவர் மகன் வீட்டு மேசையில் நேற்று எல்லோரோடும் இருந்து சாப்பிட்டாராம். அதை இரண்டு தரம் சொன்னார்.

கராஜில் நடந்ததைக் கேட்டிக்குச் சொன்னேன். சாம்பார் வாளி வந்த இடத்தில் அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு கடைசிப் படிவம், ஒரே கேள்வி. நீங்கள் விரும்பிய காரியம் எவ்வளவு திருப்தியாக நடந்தது, பத்துக்கு எத்தனை? நான் யோசித்தேன். முதல் மூன்று கவளம் சுத்தம். நாலாவதோடு மானம் போனது. அப்பளமும் போனது. நாலு என்றேன்.

கேட்டி, வாசலில் காத்திருந்த பு.வை உள்ளே கூப்பிட்டு அவளையும் கேட்டாள். பு. யோசிக்கவே இல்லை. "டென்," என்றாள்.

"என்ன பத்து?" என்று தமிழில் கேட்டேன். "அரைவாசி என்ர வேட்டியில கிடந்தது. நீர் முன்னுக்கிருந்து பாத்தனீர்தானே."

"நான் உங்களை எங்க பாத்தனான்?" என்றாள். "நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தனான். மூண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டனான்."

கேட்டி பேனையோடு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். உங்கள் மனைவி என்ன சொல்கிறார் என்று கேட்டாள். நாலை வெட்டிவிட்டுப் பத்துப் போடச் சொன்னேன்.